‘மன்னர்களின் விளையாட்டு’ என்று எழுதலாமா? ஹவாய் அலைச்சறுக்கு பற்றி ஒரு சந்தேகம்

#1 நெய்தல்நிலா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர்களுக்காக ஒரு காலாண்டிதழ் கொண்டுவருகிறோம். அடுத்த இதழ் கடல் விளையாட்டுகளைப் பற்றியது. ஹவாய்த் தீவுகளின் அலைச்சறுக்கு என் பங்குக்கு வந்திருக்கிறது. ஒரு வாரம் படித்துவிட்டு, கட்டுரைக்கு அடித்தளமாக மூன்று வாக்கியங்களை எழுதி வைத்திருக்கிறேன்:

“அலைச்சறுக்கு ஹவாய் மன்னர்களின் விளையாட்டு. 1820இல் வந்த கிறித்தவப் பாதிரிமார்கள் அதைத் தடைசெய்து அழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அதை மீட்டு உலகுக்குக் கொடுத்தார்கள்.”

ஓவியர் வேலையைத் தொடங்கிவிட்டார். இறகுத் தலைக்கவசம் அணிந்த அரசர் ஒருவர் பலகைமேல் நிற்கிறார். கரையில் மக்கள் கைகூப்பிப் பார்க்கிறார்கள். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பத்து வயதில் படித்தது மனத்தில் தங்கிவிடும் என்பதால் கேட்கிறேன்.

#2 ஹொனலுலுவாசி

அக்கா, பதினொரு ஆண்டுகளாக ஓவாஹு தீவில் இருக்கிறேன். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று வாக்கியங்களும் திருத்தப்பட வேண்டியவை. உங்களைக் குறை சொல்லவில்லை. இங்கே வரும் பயணிகளின் கையில் திணிக்கப்படும் கதையே இதுதான்.

முதல் வாக்கியத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். ஹவாய் மொழியில் இதற்கு ‘ஹெஎ நலு’ என்று பெயர். ஹெஎ என்றால் வழுக்குவது, நலு என்றால் அலை. அதை மன்னர்கள் ஆடினார்கள் என்பது உண்மை. மன்னர்கள் மட்டும் ஆடினார்கள் என்பதுதான் பொய். 1823இல் ஹவாய்ப் பெருந்தீவைச் சுற்றிவந்த வில்லியம் எல்லிஸ் ஒரு பாதிரியார். விளையாட்டைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எல்லாத் தரத்தாரும், எல்லா வயதினரும் இதில் ஒரேபோல ஆசை கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஐம்பது அறுபது வயதான பெருந்தலைவர்கள், பருத்த உடம்போடு, குறுகிய பலகையில் சமநிலை பிடித்து நின்றதையும் குறித்திருக்கிறார்.

கெப்பெலினோ என்று 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவாய் எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர் சொல்லும் காட்சி ஒன்றை நான் மறப்பதே இல்லை. ஒருவன் மேட்டு நிலத்துக்கு உழைக்கப் போகிறான். பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்க்கிறான். கீழே கடல் எழுந்து கரையை வாரிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், வேலை போயிற்று. வாழையிலையைப் பறித்துக் கிழித்துக் கழுத்தில் கட்டிக்கொள்கிறான், வீட்டுக்கு ஓடுகிறான், பலகையைத் தூக்குகிறான். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியுமா என்ற நினைவே அவனுக்கு இல்லை. இவன் எந்த நாட்டு அரசன்?

#3 கொற்கைமுத்து

அருமையான இழை. ஒன்று சொல்லட்டுமா? அவர்களுடைய பழைய பலகையின் பெயர் ‘அலையா’ என்று படித்தேன். அலை, அலையா! நம் சொல் கடல் கடந்து போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கட்டுரையில் இதைச் சேர்த்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

#4 ஏட்டுச்சுவடி

கொற்கைமுத்து ஐயா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து இதைச் சிறுவர் இதழில் போட வேண்டாம். ஹவாய் மொழி தகித்தி, சமோவா, மாவோரி மொழிகளோடு ஒரே குடும்பம். அலைக்கு அவர்கள் சொல் நலு. அலையா என்பது மெல்லிய, முன்பக்கம் வளைந்த ஒரு வகைப் பலகையின் பெயர். ஒலி ஒத்திருப்பது தற்செயல். அந்த மக்கள் மூன்று நான்கு தலைமுறையாகத் தங்கள் மொழியை மீட்கப் போராடி வருகிறார்கள். 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழியில் பாடம் நடத்துவதற்கே சட்டத்தால் இடமில்லாமல் போனது. அப்படிப்பட்டவர்களின் சொல்லை நாம் நம்முடையது என்று எடுத்துக்கொள்வது முறையல்ல.

#5 கொற்கைமுத்து

சரி, ஒப்புக்கொள்கிறேன். மொழி மீட்பு பற்றி எனக்குத் தெரியாது. நன்றி.

#6 தச்சன்மகன்

பலகை என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு மரவேலைதான்.

பழைய ஹவாய்ப் பலகைகளில் முக்கியமாக மூன்று வகை. பைப்போ என்பது குட்டை, வயிற்றை வைத்துப் படுத்துப் போவது, பிள்ளைகளும் பயன்படுத்துவது. அலையா என்பது ஆள் உயரமும் அதற்கு மேலும் இருக்கும், கனம் குறைந்த பலகை. பெரும்பாலோர் கையில் இருந்தது இதுதான். ஒலோ என்பது மிக நீண்டது, நடு தடித்தது, தலைவர்களுக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைவர் அப்னர் பாக்கியின் ஒலோ பலகைகள் ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 14 அடிக்கு மேல் நீளம், 60 கிலோவுக்கு மேல் எடை. ஆகவே ‘மன்னர் விளையாட்டு’ என்பதற்கு ஒரு சிறு ஆதாரம் உண்டு என்றால் அது பலகையின் வகையில்தான், விளையாட்டில் அல்ல.

ஒலோவுக்கு விரும்பிய மரம் விலிவிலி. நம் வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கையின் நெருங்கிய இனம் அது. பூவிலும் அதே சாயல், அதே லேசான மரம். அலையாவுக்குக் கோஆ மரமும் ஈரப்பலா மரமும். கோஆ நம் வேல மரத்தின் உறவு, வைரம் பாய்ந்தால் இழைத்த பின் பட்டுபோல மின்னும்.

மரம் வெட்டுவதற்கு முன் அடியில் கூமூ என்ற செந்நிற மீனை வைப்பார்கள். மரம் சாய்ந்ததும் வேர்ப்பகுதியில் குழி தோண்டி, வேண்டுதல் சொல்லி, அந்த மீனை அதற்குள் இடுவார்கள். எடுத்ததற்கு ஈடு கொடுத்த பிறகுதான் கல் வாய்ச்சி மரத்தில் படும். உருவம் வந்ததும் படகுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பவளக் கல்லாலும் சொரசொரப்பான எரிமலைக் கல்லாலும் தேய்த்து வாய்ச்சி வெட்டுகளை அழிப்பார்கள். பிறகு குக்குயி மரப்பட்டைச் சாறு, எரித்த கொட்டையின் கரி என்று கருஞ்சாயம். அதன்மேல் குக்குயி எண்ணெய். ஆடி முடித்து வந்ததும் வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். நல்ல உளியை என் தாத்தா எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் துணியைப் பற்றிப் படித்தபோது தொண்டை அடைத்தது.

#7 பழவேற்காட்டான்

தச்சன்மகன், நீங்கள் ஒன்று செய்து பார்த்தீர்களா?

#8 தச்சன்மகன்

செய்தேன், இரண்டு ஆண்டுக்கு முன். நமக்குக் கிடைக்கிற லேசான மரம் மலைவேம்பு. ஏழு அடி நீளம், பதினாறு அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் கனம். அடிப்பக்கம் லேசாகக் குவிந்திருக்கும்படி இழைத்தேன். அடியில் துடுப்பு எதுவும் வைக்கவில்லை. பழைய பலகைகளுக்கு அது கிடையாது. அடித்துடுப்பை அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் 1935இல்தான் கொண்டுவந்தார்.

கடலில் இறக்கிப் படுத்தேன். பலகை என்னைத் தாங்கவில்லை, மார்பு வரை அமிழ்ந்துவிட்டது. அன்று முழுவதும் அப்படித்தான். மறுநாள் உள்ளூர்ப் பையன் ஒருவன், என்னைவிடப் பதினைந்து கிலோ குறைந்தவன், வாங்கிக்கொண்டு போனான். நான்காவது அலையில் பார்த்தேன்: அலை பின்னால் வந்து தள்ளும்வரை பலகை தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. வேகம் பிடித்த நொடியில் அது மேலே எழும்புகிறது, மீன் திரும்புவதுபோல. பிறகு ஓரத்தை அலையின் சரிவில் அழுத்தினான். பலகை பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போயிற்று. எண்ணெய் வைத்த தகடு வழுக்குவதுபோல ஒரு ‘ஸ்ஸ்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. மிதப்பதற்காகச் செய்த பொருளே அல்ல அது, ஓடுவதற்காகச் செய்தது. முக்கால் அங்குலக் கனத்தை ஏன் வைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் கைக்குப் புரிந்தது.

#9 அறுகம்பைக்காரி

அந்தப் பையன் கொடுத்துவைத்தவன்!

நெய்தல்நிலா அக்கா, நான் கிழக்கிலங்கை. அறுகம்பையில் வளர்ந்தவள், எட்டு ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பலகையில் போகிறேன். உங்கள் படத்தைப் பற்றி ஒரு கேள்வி: பெண்கள் எங்கே? கரையில் கைகூப்பி நிற்பவர்களுக்குள்ளா?

ஹவாயில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக அலையில் இருந்தார்கள். மாவித் தீவின் தலைவியான கெலெயாவின் கதையைப் படியுங்கள். அலைமேல் அவளுக்கு நிகர் யாரும் இல்லை என்பார்கள். ஓவாஹுத் தலைவனுக்குப் பெண் தேடி வந்தவர்கள் அவளைக் கவர்ந்து சென்றதே அவள் அலையில் இருந்தபோதுதான். கட்டாயத்தில் தொடங்கிய அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. கடலிலிருந்து விலகிய உள்நிலத்தில் அவளால் இருக்க முடியவில்லை, கடைசியில் அவனை விட்டு விலகினாள். மன்னர் கமெஹமெஹாவின் மனைவி காஹுமனுவோ, படகிலிருந்து பலகையோடு அலைக்குள் குதித்து ஏறும் ‘லெலெ வஆ’ என்ற கடினமான கலையில் பெயர் பெற்றவர். இளவரசி கையுலானியின் கோஆ மரப் பலகை இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1899இல் 23 வயதில் மறைந்தார்.

நான் முதன்முதலில் பலகை எடுத்தபோது, இது பெண்பிள்ளைகளுக்கு ஆகாது, கறுத்துப் போவாய், யார் கட்டுவான் என்று ஊரே சொன்னது. கெலெயாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உங்கள் இதழைப் படிக்கப்போகும் பெண் குழந்தைகளுக்காவது தெரியட்டும்.

#10 நெய்தல்நிலா

இதை நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஓவியரிடம் இன்றே பேசுகிறேன். தங்கையே, மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். தலைவர்களுக்கென்று ஒதுக்கிய அலைகள் இருந்தன, சாமானியர் அங்கே போனால் தண்டனை என்றும் படித்தேன். அது பொய்யா?

#11 ஹொனலுலுவாசி

பொய் இல்லை. கப்பு என்று ஒரு விலக்கு முறை இருந்தது. யார் யாரோடு உண்ணலாம், யாருடைய நிழல் எங்கே விழலாம் என்பதுவரை அது ஆண்டது. தலைவர்கள் ஆடும் நேரத்தில் பிறர் அங்கே நெருங்கக்கூடாது என்று எல்லிஸும் சொல்கிறார். ஹொனலுலுவின் வைக்கீக்கிக் கரையில் கலேஹுவாவேஹே என்றொரு அலை உண்டு. பெயரின் பொருள், கழற்றிய லெஹுவா மலர். ஆளும் தலைவரின் மனைவி ஆடிக்கொண்டிருந்த அலையில் சேர்ந்துகொண்ட வீரன் ஒருவன், தன் கழுத்திலிருந்த லெஹுவா மாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான் என்பது கதை. அந்த அலைக்கே பெயராக நின்றுவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் சில நேரங்களில் விலக்கு இருந்தது என்பதாலேயே, மற்ற இடங்களில் எல்லோரும் ஆடினார்கள் என்பது தெளிவாகிறது. யாருமே போகாத கடலுக்கு விலக்கு எதற்கு? தீவு முழுக்க ஒவ்வொரு அலைக்கும் தனிப் பெயர் இருந்தது. நின்று ஏறும் இடத்துக்கு ‘குலானா நலு’ என்று பெயர். மடிந்து சுருளும் அலை ‘ககலா’. உடையாமல் மெல்லப் பொங்கிவரும் அலை ‘ஓப்புஉ’. பந்தயம் கட்டி ஆடும்போது கரைப்பக்கம் ஒரு மிதவையை நிறுத்தி அதை எட்டியவன் வென்றான் என்பார்கள். படகு, வலை, பன்றி, சில சமயம் தன் சுதந்திரத்தையே கூடப் பந்தயம் வைத்தார்கள். அரண்மனையில் இருப்பவனுக்கு மீன்வலையைப் பந்தயம் வைக்க என்ன தேவை?

‘அரச விளையாட்டு’ என்ற சொல்லுக்கு உலகப் புகழ் தேடிக்கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். 1907இல் வைக்கீக்கியில் பலகை ஏறப் பழகிவிட்டு எழுதிய கட்டுரைக்கு அப்படித்தான் தலைப்பு வைத்தார். ஓட்டல்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

#12 பழவேற்காட்டான்

கடல்காரன் என்ற முறையில் ஒரு சேதி. எங்கள் மணல்மேட்டில் அடப்பங்கொடி படர்ந்து கிடக்கும். இலை ஆட்டுக் குளம்புபோல இரண்டாகப் பிளந்திருக்கும், ஊதாப் பூ பூக்கும். பழைய நெய்தல் பாட்டுகளில் அடும்பு என்று வருவதும் இதுதான், மான் குளம்போடு ஒப்பிட்டிருப்பார்கள். அதே கொடி ஹவாய்க் கரையிலும் உண்டு. அங்கே பெயர் பொஹுஏஹுஏ. அலை எழாத நாளில் ஹவாய்க்காரர்கள் இந்தக் கொடியைப் பிடுங்கி, கூட்டமாக நின்று, ஒரே சமயத்தில் கடல்நீரை அடித்துக்கொண்டே அலையை அழைத்துப் பாடுவார்களாம். எழுந்து வா, கஹிக்கி என்னும் தொலைதேசத்திலிருந்து வரும் பேரலையே என்று. இதைப் படித்த அன்று கரைக்குப் போய் ஒரு கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் காலில் மிதித்த கொடி.

எங்கள் ஊரில் கட்டுமரத்தை அலையில் ஏற்றுவதும் கரைக்கு ஓட்டிவருவதும் ஒரு வித்தை. பின்னால் வருகிற அலையை முதுகால் உணர்ந்து, அது தூக்கும் நேரம் பார்த்துத் துடுப்பு போட்டால், மரம் தானே கரையில் வந்து ஏறும். பிள்ளைகள் உடைந்த மரத்துண்டை எடுத்துக்கொண்டு அலையில் கிடப்பார்கள். அதனால் ஹவாய்க்காரன் செய்தது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் அதைக் கும்பிடும் கலையாக வளர்க்கவில்லை. அவர்கள் வளர்த்தார்கள். அந்த வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்.

#13 தச்சன்மகன்

கும்பிடும் கலை என்பது மிகச் சரி. பெருந்தீவின் கோனா கரையில் கஹலூ விரிகுடாவை ஒட்டி குஎமனு என்ற கோயில் மேடை இருக்கிறது. கருங்கல் எரிமலைப் பாறையை அடுக்கிக் கட்டியது. அலைச்சறுக்குக்காகவே ஏற்பட்ட கோயில். வேண்டுதலும் அங்கே, குளித்துக் கொள்ளக் குளமும் அருகே.

#14 வானவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அலைச்சறுக்கு பெரு நாட்டில்தான் முதலில் தோன்றியது என்று ஒரு செய்தி பார்த்தேன். நாணற்புல் படகில் மீனவர்கள் அலைமேல் வருகிறார்கள். அப்படியானால் ஹவாய்க்கு என்ன சிறப்பு?

#15 ஏட்டுச்சுவடி

பெருவின் ஹுவான்சாக்கோவில் அந்த நாணல் படகுகள் இன்றும் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிள்ளைகள் பலகையில் அலை ஏறியதை 1640களிலேயே ஐரோப்பியர் ஒருவர் குறித்திருக்கிறார். தகித்தியில் தனியாள் ஒருவன் படகில் அலை பிடித்ததை 1777இல் கேப்டன் குக்கின் கப்பல் மருத்துவர் ஆண்டர்சன் கண்டு, அவன் அடைந்த இன்பத்தை நெகிழ்ந்து எழுதினார். அலை எங்கே இருந்ததோ அங்கே மனிதன் அதில் ஏறியிருக்கிறான். ஆனால் தனி மரம், தனிப் பலகை வகைகள், கோயில், பாட்டு, ஒவ்வொரு அலைக்கும் ஊர்ப்பெயர் என்று ஒரு வாழ்க்கையையே அதைச் சுற்றிக் கட்டியவர்கள் ஹவாய் மக்கள். யார் முதலில் என்ற சண்டையைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இனி இரண்டாவது வாக்கியம். இதில் நான் கொஞ்சம் நீட்டுவேன்.

முதலில் கால வரிசை. கப்பு முறையை உடைத்தவர்கள் பாதிரிமார்கள் அல்லர். 1819இல் கமெஹமெஹா இறந்ததும், மகன் லிஹோலிஹோவும் காஹுமனுவும் அதை ஒழித்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில்தான் பாதிரிமாரின் கப்பல் வந்தது. லோனோ தெய்வத்துக்குரிய மகஹிக்கித் திருவிழா, அதில் நடந்த விளையாட்டுகள் எல்லாம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தன. பாதிரிமார்கள் அரை நிர்வாணத்தையும் சூதாட்டத்தையும் ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதையும் வெறுத்தார்கள், கண்டித்தார்கள். அது உண்மை. ஆனால் அலையில் ஏறாதே என்று அவர்கள் ஒரு சட்டம் போட்டு அது நின்றுவிடவில்லை. 1866இல் மார்க் ட்வெயின் கோனா கரையில் ஆணும் பெண்ணுமாகப் பெருங்கூட்டம் அலையில் ஆடுவதைப் பார்த்தார். தானும் முயன்று விழுந்ததை எழுதியிருக்கிறார். பாதிரிமார் வந்து 46 ஆண்டுகள் கழித்து! 1873இல் ஹீலோ ஊரில் ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பர்டும் பார்த்தார்.

அப்படியானால் அலை ஏன் காலியானது? ஆட்கள் செத்துப்போனார்கள். 1832இல் எடுத்த கணக்கில் தீவுகளில் சுமார் 1,30,000 பேர். 1853இல் ஹவாய் மக்கள் சுமார் 71,000. அதே 1853இல் பெரியம்மை பல ஆயிரம் பேரை வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு முன்னரே தட்டம்மை, கக்குவான், விஷக்காய்ச்சல். 1890 வாக்கில் கலப்பினத்தாரையும் சேர்த்தே நாற்பதாயிரம் பேர்தான். கேப்டன் குக் வந்த 1778இல் சில லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. பலகையைக் கையில் பிடித்துக் கற்றுக்கொடுக்க அப்பன் இல்லை, மாமன் இல்லை. ‘பாதிரியார் தடைசெய்தார்’ என்ற ஒற்றை வரி இந்தச் சாவை மறைத்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு அந்த வரியின்மேல் இவ்வளவு கோபம்.

#16 ஹொனலுலுவாசி

ஏட்டுச்சுவடி ஐயா, எண்கள் எல்லாம் சரி. ஆனால் பாதிரிமாரை இவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. உடல், ஆடை, ஆட்டம், பாட்டு எல்லாவற்றையும் வெட்கத்துக்குரியதாக ஆக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மதம் மாறிய தலைவர்கள் அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஹுலா ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள். பாதிரிமாரில் ஒருவரான ஹிராம் பிங்காம், பலகை மறைந்து வந்ததற்கு நாணமும் உழைப்பும் பக்தியும் பெருகியதே காரணம் என்று காட்டி எழுதினார். சாவு வீடாகிக் கிடந்த தீவில் நின்றுகொண்டு அப்படி எழுத எப்படி மனம் வந்தது?

#17 ஏட்டுச்சுவடி

அந்தக் கடைசிக் கேள்வியோடு எனக்கு உடன்பாடுதான். அழித்தார்கள் என்று சொல்லாமல், வெட்கப்பட வைத்தார்கள் என்று எழுதினால் இருவரும் ஒப்புக்கொள்ளலாம். ‘அழித்தார்கள்’ என்றால் அழிந்துவிட்டது என்று பொருள் ஆகிவிடும். அழியவில்லையே! 1885 ஜூலையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஆற்று முகத்தில், ரெட்வுட் மரத்தில் பலகை அறுத்துச் செய்து அலையில் ஏறியவர்கள் மூன்று ஹவாய் இளவரசர்கள். அங்கே பள்ளியில் படிக்கப் போன பையன்கள். வீட்டில் கற்காததையா அங்கே செய்தார்கள்?

#18 நெய்தல்நிலா

இரண்டு பேரின் சொல்லும் ஏற்புடையதாக இருக்கிறது. ‘வெட்கப்பட வைத்தார்கள், நோய் கொண்டுபோயிற்று, ஆனாலும் நிற்கவில்லை’ என்ற வரிசையில் எழுதப் பார்க்கிறேன். மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி யாரேனும் சொல்லுங்கள்.

#19 ஹொனலுலுவாசி

அதைச் சொல்ல வைக்கீக்கியின் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வைக்கீக்கி என்றால் பீறிடும் நீர். மனோவா, பலோலோ, மக்கிக்கி ஓடைகள் மலையிலிருந்து இறங்கி அங்கே சதுப்பாகப் பரவும். சேப்பங்கிழங்கு வயல், மீன் குளம், பின்னாளில் நெல், வாத்து. ஓடை நீர் கடலில் விழும் இடங்களில் பவளம் வளராது; ஆகவே பவளப் பாரில் வாய்க்கால்கள் திறந்திருக்கும். அலை சீராக உடைந்து நீளமாக ஓடுவதற்கும், பலகைக்காரன் திரும்பி உள்ளே போவதற்கும் அந்த வாய்க்கால்கள்தான் வழி. 1893இல் அரசி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள், 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. 1901இல் கரையில் பெரிய ஓட்டல் எழுந்தது. 1921 முதல் 1928 வரை அலா வாய் கால்வாயை வெட்டி ஓடைகளைத் திருப்பி, வயலைத் தூர்த்து மனையாக்கினார்கள். இன்று அந்தக் கரையில் கிடக்கும் மணலில் பெரும்பகுதி வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது. நான் அந்தக் கால்வாய்க் கரையில் தினமும் நடக்கிறேன். அதற்கடியில் யாருடைய வயல் என்று ஒரு பலகையும் கிடையாது.

இந்தக் காலத்தில்தான் ‘மீட்டார்கள்’ என்கிறார்கள். 1908இல் தொடங்கிய அவுட்ரிகர் கேனோ கிளப்பில் உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளையர். ஹவாய்ப் பையன்கள் கரையில் ஒரு ஹௌ மரத்தடியில் கூடினார்கள். 1911இல் ஹுயி நலு என்று தங்கள் சங்கத்தை முறையாக நிறுவினார்கள். அலைக் கூட்டம் என்று பொருள். அந்தக் கூட்டத்துப் பையன்தான் டியூக் கஹனமோக்கு. அவர்களுக்கு யாரும் அலையை மீட்டுக் கொடுக்கவில்லை, அவர்கள் அதில்தான் இருந்தார்கள்.

உலகுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்களே. ஹவாய் இரத்தமும் கலந்த ஜார்ஜ் ஃபிரீத் 1907இல் கலிபோர்னியா போனார். டியூக் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார், 1920இல் மறுபடியும். 1914 இறுதியில் சிட்னி அருகே ஃபிரெஷ்வாட்டர் கரையில், தானே மரம் வாங்கிச் செதுக்கிய பலகையில் ஏறிக் காட்டினார். 1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் அருகே ஒரு மீன்பிடி படகு கவிழ்ந்தது. டியூக் தன் பலகையோடு அந்த வெள்ளை நுரைக்குள் திரும்பத் திரும்பப் போய் எட்டுப் பேரைக் கரைசேர்த்தார்.

வைக்கீக்கியில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. சிலையின் முகம் சாலையைப் பார்த்து, முதுகு கடலுக்கு. படம் எடுக்கிறவர்களுக்குப் பின்னணியில் கடல் வரவேண்டும் அல்லவா? கடலுக்கு முதுகு காட்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஊர் இது. அந்தச் சிலையைக் கடக்கும் வயதானவர்கள் பலர் இன்றும் வருத்தப்பட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சிலையின் கைகளில் மட்டும் தினமும் புது மாலை விழுகிறது.

#20 அறுகம்பைக்காரி

இரண்டு முறை படித்தேன் அண்ணா. எங்கள் ஊரிலும் இப்போது கரையெல்லாம் விடுதிகள். அலைக்குப் போகும் வழியே சில இடங்களில் அடைபடுகிறது. ஹவாயில் கரைக்குள் போக விடுகிறார்களா?

#21 ஹொனலுலுவாசி

அலை மேலேறி எட்டும் இடம்வரை கரை பொதுமக்களுக்குரியது என்பது இங்கே சட்டம். எந்த ஓட்டலின் முன்பும் துண்டை விரித்து உட்காரலாம். சாலையிலிருந்து கரைக்குப் போகும் சந்துகளுக்காகத்தான் ஓயாத போராட்டம். அதை நீங்களும் விட்டுவிடாதீர்கள் தங்கையே.

#22 வானவன்

இன்னொரு கேள்வி. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் அலைச்சறுக்கில் முதல் தங்கம் வாங்கிய கரிசா மூர் ஹவாய்க்காரர்தானே?

#23 அறுகம்பைக்காரி

ஆம். ஹொனலுலுவில் பிறந்தவர், ஹவாய்ப் பழங்குடி வழி வந்தவர். உலகத் தொழில்முறைப் போட்டிகளில் ஹவாய் வீரர்கள் ஹவாய்க் கொடியின் கீழ்தான் ஆடுவார்கள். ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை, அமெரிக்கக் கொடிதான். அந்தப் பதக்க மேடையைப் பார்த்து நான் அழுதேன். மகிழ்ச்சி பாதி, மற்றது பாதி.

#24 பழவேற்காட்டான்

எடி ஐகாவின் பெயரையும் யாரேனும் சொல்ல வேண்டும். வைமெயா விரிகுடாவின் முதல் உயிர்காப்பாளர். குளிர்காலத்தில் வடபசிபிக் புயல் தள்ளிவிடும் அலை, ஆழ்கடலிலிருந்து தடையே இல்லாமல் வந்து அங்கே திடீரென்று எழும்பும். வேறு யாரும் இறங்காத அந்த நீரில் இறங்கி நூற்றுக்கணக்கானவரை மீட்டவர். 1978 மார்ச்சில் ஹோகுலெயா என்ற மரபுப் பாய்க்கலம் இரவில் கவிழ்ந்தது. உதவி தேடித் தன் பலகையில் படுத்துக் கைத்துடுப்புப் போட்டபடி போனார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் திரும்பவில்லை. வயது 31.

எங்கள் ஊரில் கடல் கொண்டுபோனவர்களின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மரத்தைத் தள்ளுவோம். அதனால் எழுதினேன்.

#25 நெய்தல்நிலா

பத்து நாளாக இந்த இழையைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினேன். நேற்று முடித்தேன். ‘மன்னர்களின் விளையாட்டு’ என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். ஓவியர் அரசரை அழித்துவிட்டு வேறு படம் போட்டுக்கொண்டிருக்கிறார்: மேட்டிலிருந்து இறங்கி ஓடிவரும் ஒருவன், கழுத்தில் கிழித்த வாழையிலை, அவனுக்கு முன்னால் பலகையோடு ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிவிட்ட அவன் மனைவி, மணலில் அடப்பங்கொடி. கீழ் ஓரத்தில் சேப்பங்கிழங்கு வயல் ஒன்று வேண்டும் என்கிறார். அங்கே விளைவது நம் ஊர்ச் செடிதானா, வேறு மாதிரி இருக்குமா என்று கேட்கிறார்.

#26 ஹொனலுலுவாசி

அதே செடிதான் அக்கா. இங்கே ‘கலோ’ என்பார்கள். இலை நுனி கீழ்நோக்கித் தொங்கட்டும், தண்டு இலைக்கு நடுவில் சேரட்டும். வைக்கீக்கிப் பக்கத்து வயல் என்றால் நெல் வயல்போல வரப்புக் கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்படி வரையச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மூலையில் வரப்பை வெட்டி விட்டிருப்பார்கள்.